இங்வார் எண்ணிய அலைகள்

எங்கள் தீவில் யாராவது இறந்தால் தெரிந்தவர்களெல்லாம் அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவார்கள். ஐஸ்லாந்தில் பிறந்த எவனும் நாலு நல்ல வார்த்தை வாங்காமல் மண்ணுக்குள் போனதில்லை. போன மாதம் இங்வார் போனபோதும் ஏழு பேர் எழுதினார்கள். ஆடுகளைப் பிள்ளைகள் மாதிரி வளர்த்தான், தேவாலயத்தில் நன்றாகப் பாடினான், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கடற்கரையிலேயே நின்று வெளியூர்க்காரர்களைக் காப்பாற்றினான் என்று. எல்லாம் உண்மைதான். ஏன் அங்கே போய் நின்றான் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். நானும் அப்போது எழுதவில்லை.

அவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது.

எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. எரிமலை கக்கிய கறுப்பு மணல், அதற்கு மேலே தூண் தூணாக நிற்கும் கரும்பாறை, பாறையின் அடியில் ஒரு குகை, அவ்வளவுதான். இங்வாரின் அப்பா காலத்தில் இந்த மணலிலிருந்துதான் துடுப்புப் படகைக் கடலுக்குள் தள்ளுவார்கள். மூன்று பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்றாவது உடைந்ததும் கடல் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். அந்த இடைவெளிக்குள் படகு வெளியே போய்விட வேண்டும். எண்ணிச் சொல்வதற்கென்றே ஒருவர் நிற்பார். இங்வாரின் அப்பாதான் அவர். எண்ணும்போது கண் கடலை விட்டு அகலக் கூடாது. அகன்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பனித்தண்ணீரில் இடுப்பளவு நின்று படகைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும் சரி, ஒன்றிலிருந்துதான்.

படகுகள் போய்விட்டன. எண்ணுவது மட்டும் இங்வாரிடம் தங்கிவிட்டது. சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியதும் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. பெரிய அலை வந்தால் குகை வாசலில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். இவன் கரையில் நின்று எண்ணுவான். மூன்று முடிந்ததும் "இப்போ!" என்று கத்துவான். ஜனங்கள் ஓடிப்போய் உள்ளே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வருவார்கள். வந்ததும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் போதும் அவனுக்கு. மனைவி பிரிந்து ரெய்க்யவிக் போன பிறகு அவனைப் பாராட்ட வீட்டில் ஆடுகள்தான் இருந்தன. அவையும் குளிர்காலத்தில் மட்டும்தான் வீட்டில் இருக்கும்.

ஒரு மார்ச் மாதக் காலையில் டென்மார்க்கிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். பிரெபென் கணக்கு வாத்தியார். கிர்ஸ்டன் அவர் மனைவி. மழை தூறிக்கொண்டிருந்தது, பேருந்துகள் இன்னும் வரவில்லை. பிரெபென் மட்டும் மணலில் இறங்கிப் போனார். இங்வார் பள்ளிக்கூடத்தில் படித்த டேனிஷை வைத்துக்கொண்டு அவருக்கு அலைக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தான். அவன் டேனிஷ் பேசினால் டென்மார்க்காரர்களுக்கே தலை சுற்றும். வாத்தியார் ஆனாலும் மாணவன் மாதிரி தலையாட்டிக் கேட்டார்.

வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் என் சூப் கடை. கிர்ஸ்டன் என் முன்னால் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கிட்டப் போகமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் விட்டேன். இல்லைன்னா சின்னப் புள்ள மாதிரி இறங்கிடுவார்," என்று சிரித்தாள்.

இங்வார் விடிந்ததிலிருந்து சாப்பிடவில்லை. அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிவிட்டு வாசலுக்கு வந்து கத்தினேன்.

"டேய் இங்வார்! சூப்பு ஆறுது!"

காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பி, காதில் கையை வைத்து "என்ன?" என்றான். மறுபடி கத்தினேன். கையசைத்தான். நான் உள்ளே வந்துவிட்டேன்.

அவன் கடல் பக்கம் திரும்பியபோது ஓர் அலை உடைந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. பெரியதா சின்னதா, அவன் பார்க்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்; தொடங்கவில்லை. ஒரு கணக்கு வாத்தியார் முன்னால் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று சொல்ல அவனுக்கு வெட்கம். அதையே மூன்றாவதாக வைத்துக்கொண்டு "இப்போ!" என்றான். பிரெபென் குகைக்குள் காலெடுத்து வைத்தபோதுதான் உண்மையான மூன்றாவது வந்தது.

இங்வார் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அவர் கையைப் பிடித்தான். அடுத்த அலையில் பிடி விட்டுப்போயிற்று. நாலு நாள் கழித்துக் கிழக்கே மணலில் உடல் கிடைத்தது.

போலீஸ்காரர் கேட்டபோது "குகைப் பக்கம் போனார்" என்றான். அது பொய் இல்லை. எச்சரிக்கைப் பலகையை மதிக்காத பயணி என்று பத்திரிகையில் வந்தது. அதை அவன் மறுக்கவில்லை. அன்று தொழுவத்தில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான்.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றேன். "சொன்னா செத்தவர் எழுந்து வரப்போறாரா?"

அவனுக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கூப்பிட்டவள் நான். ஒரு கிண்ணம் சூப்புக்காக ஒருவர் செத்தார் என்று ஊர் பேசுமே என்று பயந்தேன். நான் கோழை. இங்வாரைவிடப் பெரிய கோழை.

அதற்குப் பிறகு அவன் எண்ணவே இல்லை. ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மணலில் நின்று "பின்னாடி போ! பின்னாடி போ!" என்று கத்துவான். சுற்றுலாக்காரர்கள் அவனையும் படம் எடுத்தார்கள்.

கிர்ஸ்டன் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தாள். கணவரின் கையைக் கடைசியாகப் பிடித்தவன் என்று இங்வார் வீட்டில்தான் தங்குவாள். ஒரு டப்பா பிஸ்கட் கொண்டு வருவாள். அவன் ஆட்டுக்கறி சூப் வைத்துக் கொடுப்பான். காலையில் இருவரும் மணலுக்கு வருவார்கள். அவள் குகையைப் பார்த்து நின்று கணவரைத் திட்டுவாள். "முட்டாளே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா?" பத்தடி பின்னால் இங்வார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். கடையிலிருந்து அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. அவள் வருவதற்கு முந்தின நாளெல்லாம் என்னிடம் வந்து "இந்தத் தடவை சொல்லிடறேன் சிக்னி" என்பான். அவள் போன மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல் காபி குடித்துவிட்டுப் போவான். எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

ஒன்பதாவது வருஷம் அவள் இரண்டு ஊன்றுகோலோடு வந்தாள். மணலில் நடக்க முடியவில்லை. என் கடையில் சன்னலோரம் உட்கார்ந்தாள். இங்வார் எதிரே உட்கார்ந்தான்.

"இதோட சரி," என்றாள். "முட்டி ரெண்டும் போச்சு. இடம் கூடப் பார்த்து வச்சாச்சு."

"என்ன இடம்?" என்று கேட்டேன்.

"புதைக்கறதுக்குத்தான். எங்கப்பா அம்மா பக்கத்துல. அவர் பக்கத்துல எனக்கும் சேர்த்து வாங்கினது இருக்கு, ஆனா எம் பொண்ணு லீனே வேணாம்னுட்டா. சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தின ஆள் பக்கத்துல எதுக்கும்மான்னு கேக்கறா. அவ கல்யாணத்துல அப்பா படத்தைக்கூட வைக்க விடலை. எனக்கும் ஆறலை. பக்கத்துல படுத்தா அங்கயும் சண்டைதான்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

இங்வார் கிண்ணத்திலிருந்து சர்க்கரைக் கட்டிகளை எடுத்தான். ஒன்றை மேசையில் வைத்தான். "முதல் அலை." இரண்டாவதை வைத்தான். "ரெண்டாவது." மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் கூப்பிட்டேன்," என்றேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வாய் தானாகத் திறந்தது. "சூப்பு ஆறுதுன்னு நான்தான் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டது தப்பில்லை," என்றான் இங்வார். "நான் கடலை விட்டுக் கண்ணை எடுத்தேன். எண்ணிக்கை தப்பிடுச்சு. தப்பிடுச்சுன்னு சொல்ல வெக்கப்பட்டு 'இப்போ'ன்னு சொன்னேன். அவரா போகலை கிர்ஸ்டன். நான் அனுப்பினேன்."

அவள் சர்க்கரைக் கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், ஊன்றுகோலை எடுத்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"அலையில தப்பு நடக்கும்," என்றாள் கடைசியில், மெல்ல. "அதை நான் மன்னிச்சிருப்பேன். அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மன்னிச்சிருப்பேன். ஒம்பது வருஷம் நான் அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன், இங்வார். நீங்க பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க."

இங்வார் மூன்றாவது கட்டியை மேசையில் வைத்தான்.

அவள் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். டேனிஷில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அதை அவன் முன்னால் வைத்தாள். "அவகிட்டச் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

அவனுக்குக் காது மந்தம். ஒலியைக் கூட்டி வைத்ததால் எல்லாம் எனக்கும் கேட்டது. தப்பும் தவறுமான டேனிஷில் முதலிலிருந்து சொன்னான். சொல்லி முடித்ததும் லீனே கேட்டாள்.

"அப்பா உங்ககிட்டக் கேட்டாரா? போறதுக்கு முன்னாடி ஏதாவது கேட்டாரா?"

"கேட்டார்மா. 'நான் ரெண்டுதான் எண்ணினேன், மூணு ஆச்சா? பொண்டாட்டிகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கேன்'னு கேட்டார். நான் சிரிச்சேன். மறுபடியும் கேட்டார். நான் அனுப்பினா உங்க பொண்டாட்டி ஒண்ணும் சொல்லமாட்டாங்க, போங்கன்னு சொன்னேன்."

இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. கிர்ஸ்டன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தொலைபேசிக்குள் லீனே அழும் சத்தம் கேட்டது. "அப்பா" என்றாள். திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்தான்.

மதியப் பேருந்திலேயே கிர்ஸ்டன் போய்விட்டாள். பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என்னைப் பார்க்கவில்லை. அவளிடமிருந்து பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. எந்த இடத்தில் படுக்க முடிவு செய்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த மார்ச்சில் இங்வார் கிர்ஸ்டன் தங்கும் அறையைப் பெருக்கி, கட்டிலில் புதுத் துணி விரித்து வைத்திருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ வரமாட்டாடா, பைத்தியக்காரா. எதுக்கு இதெல்லாம்?"

"தெரியும்," என்றான். தலையணையை இன்னொரு தரம் தட்டி வைத்தான். "வராட்டிப் பரவாயில்லை, சிக்னி. இனிமே அவ திட்டணும்னா என்னைத்தானே திட்டணும். அங்க இருந்தே திட்டட்டும்."