எடம் கீது, உக்காரு

தணிகாசலம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, அவர் குரல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. "இன்னா நைனா, மறுபடியும் பூரியா? கால்ல புண்ணு ஆறல. ரெண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல். போதும்." மேசைமேல் இருந்த திரை இதைச் சொல்லி முடிக்கவும், சமையற்கட்டிலிருந்து சரோஜா ஓடிவந்து, "மொதலாளி தூக்கத்துலயே போயிட்டாராம், சாலவாக்கம் வீட்டுலேர்ந்து போன் வந்துது" என்று அழவும் சரியாக இருந்தது. திரை விடவில்லை. "இன்னா யோசன? இட்லி சொல்லட்டுமா?"

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் ஓட்டலில் சாப்பிட்ட உங்களுக்கு, மேசைக்கு மேசை இருக்கும் அந்தத் திரையைத் தெரியும். சர்க்கரையோ பிரஷரோ, ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். எது ஆகும், எது ஆகாது என்று அவர் குரலிலேயே பேசும். செய்துகொடுத்தவள் என் மகள் நித்யா. பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று ஊர் கேட்டது, நானும் கேட்டேன். அண்ணனைப் பேசவிட்டுப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குப் பழக்கினாள். பிறகு அவர் சொல்லாததையும் அது அவர் குரலில் சொல்ல ஆரம்பித்தது.

"ஓட்டல்காரனே வேணாம்னா எவண்ணே வருவான்?" என்றேன். "தின்னவன் திரும்பி வரணும் நைனா, அதான் யாவாரம்" என்றார்.

ஒருநாள் வேறு மேசையில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பூரி கேட்டேன். "கொரல மாத்தினா சுகரு மாறிடுமா?" என்றது திரை. கல்லாவில் இருந்த அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். அந்தப் பதிலை அவர் சொல்லிக்கொடுக்கவே இல்லையாம்.

அதற்கு விளங்காத சொல் ஒன்று உண்டு. கிளம்பும்போது "வரேண்ணே" என்கிறோம் அல்லவா, அதை உள்ளே வருவதாக எடுத்துக்கொண்டு, "வா நைனா, எடம் கீது, உக்காரு" என்னும். "உன்ன அனுப்ப மனசில்ல அதுக்கு" என்று சிரிப்பார் அண்ணன். திருத்த விடவில்லை.

சாவு வீட்டில் அந்தச் சொல் ஆகாது. சாலவாக்கத்திலிருந்து சொல்லாமல்தான் திரும்பினேன்.

காரியம் முடிந்து கடை திறந்தது. கல்லாவில் வசந்தா அண்ணி. திரையில் புருஷன் பேசப் பேச, அவர் முகம் வெளுத்தது. "நித்யா, அத நிறுத்திடும்மா" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் பேச்சையும் மகள் பேச்சையும் கேட்காத நான், அண்ணன் அதட்டலுக்கு மட்டும்தான் அடங்குவேன் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து கைகழுவினேன். பழக்கம், வந்துவிட்டது: "வரேண்ணே."

கடையில் வேறு ஆள் இல்லை. எல்லா மேசையிலிருந்தும் சேர்ந்தாற்போல், "வா நைனா, எடம் கீது, உக்காரு." அண்ணன் வழக்கமாகச் சாப்பிடும் மூலை மேசை மட்டும் சற்று விட்டு, தனியாக, மெல்லச் சொன்னது: "உக்காரு."

அண்ணி வெகுநேரம் அந்த மூலையையே பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போன மனுசன், உன்ன வான்றாரு பாரு." பிறகு நித்யாவிடம், "இருக்கட்டும்மா. நிறுத்தினா உங்கப்பா பூரிக்குப் போயிடுவாரு."

தினமும் போகிறேன். இட்லிதான். புண் ஆறிவருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, இட்லியோடு அவர் சொல்லும் அந்தப் 'போதும்' ஒன்றைத்தான். சாப்பிட்டதும் சாவு வீட்டில் எழுவதுபோல 'வரேண்ணே' சொல்லாமல் எழுந்துவிடுகிறேன்.

அண்ணே, கூப்பிடுவது காதில் விழுகிறது. ஆனால் இட்லி தின்னச் சொன்னதும் நீங்கள்தானே. நான் அங்கே வரக் கொஞ்சம் தாமதமாகும்.