டீசலா பெட்ரோலா என்று அம்மனிடம் கேட்டேன்

இதை எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக எனக்குச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. சாமி சம்பந்தப்பட்ட விஷயம். நானோ எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒரு வார்த்தை முன்னே பின்னே விழுந்தால் அம்மனுக்குக் குறை வைத்ததுபோல் ஆகிவிடுமோ என்று பயம். இனியும் தள்ளிப்போட்டால் எழுதாமலே போய்விடுவேன் என்றுதான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, திருவேங்கடம் பக்கம், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் கரிசல் மண் வண்டிப்பாதைதான். நடுவில் ஒரு ஓடை. வெயில் காலத்தில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், மிதித்த காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு இருந்தார். ஒரு ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. ஆட்டோ ஊரை விட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அடைத்து, சக்கரம் சுற்றவே இல்லை. டிரைவர் இறங்கிக் கம்பால் நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கே திரும்பினோம். இரண்டு நாள் கழித்து மழை வெறித்த பிறகு ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். அதற்குள் அவருக்கு முகமும் காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே இருந்தார். இன்னொரு தடவை இப்படி விட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

டவுனில் வீடு பிடிக்கலாம் என்றார்கள் சிலர். எங்கள் பிழைப்பான ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அவரும் ஊரை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார். அதனால் ஆடுகளில் பாதியை விற்று, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தோம். அடுத்த மழைக்குள் வாங்கிவிட வேண்டும்.

கடையநல்லூரில், வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு பாய், பழைய வண்டிகளைச் சரிபண்ணி விற்பவர் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவரிடம் எங்கள் பணத்துக்குத் தக்க இரண்டு ஜீப்புகள் நின்றன. ஒன்று டீசல், பெரியது, பார்க்கவே பயில்வான் மாதிரி. இன்னொன்று பெட்ரோல், சின்னது. பாய் இரண்டிலும் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்து காட்டினார். டீசல் வண்டி ஓடத் தொடங்கியதும் இவர் டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஆட்டம் அவருக்கு வலித்திருக்கிறது. பெட்ரோல் வண்டியில் அப்படி இல்லை. நான் அங்கேயே மனதுக்குள் பெட்ரோல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கூட வந்த என் கொழுந்தன் விடவில்லை. அவர் மினி லாரி ஓட்டுகிறவர். டீசல் கட்சி.

"மதினி, பெட்ரோல் வண்டி கலியாண வீட்டுக்குப் போய்ட்டு வரத்தான் லாயக்கு. கரிசல்ல இழுக்கணும்னா டீசலுக்குத்தான் வலு உண்டு. ஆட்டம் இல்லாம அலுங்காம போயி ஓடைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கப் போறியளா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போன வருஷம் மாட்டிக்கொண்டு நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்பதுகூடப் பெரிதில்லை, வாரத்துக்கு இரண்டு நடைதானே. ஆனால் தப்பான வண்டியை வாங்கி, அது மழையில் நின்றுவிட்டால், மறுபடி வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் கொழுந்தனே, பூக் கேட்டுவிடுவோம், எந்த இஞ்சினுக்கு வலு என்று அம்மனே சொல்லட்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் பூக் கேட்டுத்தான் செய்வோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்துச் சந்நிதியில் வைத்து, யாரையாவது ஒன்றை எடுத்துத் தரச் சொல்வோம். வருகிற பூதான் உத்தரவு. ஒரு செவ்வாய்க்கிழமை சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதிக்குப் போய், எந்த இஞ்சினுக்கு வலு தாயே, வெள்ளை வந்தால் பெட்ரோல், சிவப்பு வந்தால் டீசல் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எடுத்துத் தரச் சொன்னேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பிரித்தால் சிவப்பு அரளி.

கொழுந்தனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மன் வாக்கை மீறவும் கூடாது, அந்த ஆட்டத்தில் இவரைக் கூட்டிப்போகவும் மனசில்லை. வீட்டுக்கு வந்து, கோவிலில் பிரசாதமாகக் கொடுத்த புற்று மண்ணை அவர் நெற்றியில் பூசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டார்.

"ஏட்டி, நீ அம்மன்கிட்ட என்னன்னு கேட்ட?"

"எந்த இஞ்சினுக்கு வலு கூடன்னு கேட்டேன்."

"அதுக்கு அவ சரியாத்தான சொல்லிருக்கா. டீசலுக்குத்தான் வலு கூட. எனக்கு எது தோதுன்னு நீ கேக்கவே இல்லியே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழுந்தன் வாயில் வந்த கேள்வியை அப்படியே கொண்டுபோய் அம்மனிடம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் ஆடுகளைப் பத்திக்கொண்டு வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டுக்குள் வண்டி போக வேண்டும் என்றால் நாங்கள் யாரும் வலுவான மாட்டைத் தேடுவதில்லை. வண்டியில் இருக்கிற பாரத்தைத்தான் இறக்குவோம். கனம் கூடினால் கரிசல் உள்ளே இழுத்துவிடும். இத்தனை வருஷம் அந்த மண்ணில் கிடந்து உழைத்தவளுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும், ஜீப் என்று வரும்போது டீசல் வண்டிதான் கனம் என்பது தோன்றவே இல்லை.

ஆனால் ஒரு சங்கடம். ஒரு தடவை பூக் கேட்ட காரியத்துக்கு மறுபடி கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. அது அம்மனையே சந்தேகப்படுகிற மாதிரி. அப்படியானால் நான்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடையநல்லூர் பாய்க்குப் போன் போட்டு, பூக் கேட்டது, சிவப்பு வந்தது, என் மனசில் ஓடுவது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். டீசல் வண்டியில்தான் அவருக்கு லாபம் கூடுதல். பூவே டீசலுக்கு வந்துவிட்டதே என்று அவர் பேசாமல் அதை என் தலையில் கட்டியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு தங்கச்சி. மழை பெஞ்ச அன்னைக்கு ஒரு போன் போடுங்க. ரெண்டு வண்டியவும் கொண்டாரேன். உங்க மண்ணுல ஓட்டிப் பாத்துட்டு எடுங்க."

சித்திரையில் ஒரு கோடை மழை கொட்டியது. சொன்னபடி பாய் ஒரு டிரைவரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு ஜீப்புகளோடும் தார் ரோட்டில் வந்து நின்றார். ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இரண்டையும் கொழுந்தனே ஓட்டட்டும், அப்போதுதான் பின்னால் பேச்சு வராது என்றேன்.

முதலில் டீசல். சும்மா சொல்லக் கூடாது, ஓடை வரைக்கும் சிங்கம் மாதிரித்தான் போனது. ஓடைச் சரிவில் இறங்கும்போது மூக்கு சேற்றில் குத்தியது. அவர் மிதிக்க மிதிக்க நாலு சக்கரமும் சுற்றியது, வண்டி கீழேதான் போனது. முன்பக்கம் மண்ணில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வந்துதான் இழுத்தது. தன் வண்டி இப்படிச் சேறாகிவிட்டதே என்று பாய் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

அடுத்தது பெட்ரோல். கொழுந்தன் வேண்டாவெறுப்பாகத்தான் ஏறினார். கரையில் நின்ற ஒருவர், "ஏலே, டீசலு குளிச்சிட்டு வரும், நீ முன்னால போ" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அதே ஓடை, அதே சரிவு. வண்டி கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கியது. வெள்ளாட்டுக் குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அக்கரையில் ஏறி நின்றது. திருப்பி வரச் சொன்னேன். வந்தது. பிறகு நான் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு நடை போய்வரச் சொன்னேன். அதற்கும் வந்தது.

கொழுந்தன் இறங்கி டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டயரு புதுசு, அதான்" என்றார். பாய் சிரித்துக்கொண்டே, டயர் இரண்டிலும் ஒரே நாளில் மாட்டியது என்றார். டீசலைக் குறை சொல்ல வேண்டாம், மலையேற, பாரம் இழுக்க என்று கேட்டிருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பேன், உங்கள் காரியத்துக்கு இது என்றும் சொன்னார். எடுத்தோம்.

ஓட்ட ஆள் வேண்டுமே. கொழுந்தன் பாதி நாள் லாரியில் வெளியூர் போய்விடுவார். நானே கற்றுக்கொள்கிறேன் என்றேன். பேரன் பேத்தி எடுத்த வயசில் இது என்ன ஆசை என்று ஊரில் கேட்டார்கள். கொழுந்தன்தான், அவரைத்தான் மெச்ச வேண்டும், தன் தோல்வியை எல்லாம் மறந்துவிட்டுத் தினமும் தரிசுக் காட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "கிளட்ச்ச மெதுவா விடுங்க மதினி, மாட்டுக் கயிறு இல்ல அது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. லைசென்சும் எடுத்தேன்.

அந்த ஐப்பசியும் வந்தது. டயாலிசிஸ் நாள். முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. கொழுந்தன் லாரியோடு மதுரைப் பக்கம். காலையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். ஓடையில் தண்ணீர் ஓடியது. கம்பை ஊன்றிப் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. இஞ்சினுக்குள் தண்ணீர் தெறித்தால் பெட்ரோல் வண்டி நின்றுபோகும், வேகமாக இறங்கிவிடாதீர்கள் என்று பாய் சொல்லியிருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு மெள்ள இறக்கினேன். நடு ஓடையில் இஞ்சின் ஒரு தடவை இருமியது. தாயே என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"கால எடுக்காத ஏட்டி. அது போவும்."

எடுக்கவில்லை. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அக்கரை ஏறியது. தார் ரோட்டைத் தொட்டதும் வண்டியை ஓரம் கட்டி அவரைப் பார்த்தேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கூரை வரைக்கும் சேறாக வண்டியை நிறுத்தினேன். பக்கத்து ஊர்க்காரர்களே வரவில்லையே, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று நர்ஸம்மா ஆச்சரியப்பட்டார். "எங்க வீட்டு டிரைவரு கூட்டியாந்துட்டாக" என்றார் இவர், பெருமையாக.

அவரை மெஷினில் படுக்கவைத்துவிட்டு நேரே கோவிலுக்குப் போனேன். முழங்கால் வரை சேறு. அப்படியே உள்ளே போக மனசு வராமல் கோபுரத்துக்கு வெளியே, மழையில் நின்று கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு இன்றுவரை மழை என்பதற்காக அவர் ஒரு நாள்கூடச் சிகிச்சையை விட்டதில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பிரசவ வலியோடு அந்த ஓடையைத் தாண்டி நானே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். பிள்ளை நன்றாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கதை ஊரில் இப்போது வேறு மாதிரி உலவுகிறது. அம்மன் வெள்ளைப் பூவைத்தான் கொடுத்தாள், பெட்ரோல் எடு என்று அவளே சொன்னாள் என்கிறார்கள் ஒரு சாரார். சிவப்புப் பூவை நான் தூக்கி எறிந்தேன், அம்மன் பொறுத்துக்கொண்டாள் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டுமே நடக்கவில்லை. வந்தது சிவப்புதான். அவள் சொன்னதும் சரிதான். இதைப் படிக்கிற நீங்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால், அற்புதத்தைக் கூட்டாமல், என் பங்கையோ பாயின் பங்கையோ குறைக்காமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அம்மன் அன்றைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, மீதியைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்த மண்ணைப் பற்றிய அறிவையும் இப்படிப்பட்ட மனிதர்களையும் எனக்குக் கொடுத்து வைத்திருந்தாள் என்று, ஒவ்வொரு மழைக்கும் சாவியைக் கையில் எடுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.