அண்ணன் காதுக்கு எட்டட்டும்

மெத்தைக் கடையில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வாங்க வந்தவர்களை மெத்தையில் படுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கூச்சப்படக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நின்றபடியே பஞ்சு, ஸ்பிரிங், முதுகுத்தண்டு என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போவார். பேசி முடித்துத் திரும்பினால் பாதிப் பேர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். தூங்கி எழுந்தவர் வாங்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம்கூட இத்தனை ஒட்டுதல் கிடையாது. அந்த முதலாளி அண்ணன்தான், ஜனங்கள் இப்போது செல்போனிலேயே மெத்தை வாங்குகிறார்கள் என்று ஷோரூமைப் பாதியாகச் சுருக்கினார். தாலாட்டையும் வீட்டுக்கு அனுப்பினார். அதையும் தன் வாயால் சொல்லவில்லை, கணக்கப்பிள்ளையை விட்டுச் சொல்லவைத்தார். வேலை போனதைவிட அதுதான் முள்ளாகத் தைத்தது.

அதனால்தான் தாலாட்டு எதிர்க்கடைக்கு மனுப் போட்டார். அந்தக் கடை இருந்தது பின்தெருவில். ஆனால் அண்ணன் முன்னால் அதன் பெயரை உச்சரிப்பதே பாவம் என்பதால் எல்லோருக்கும் அது எதிர்க்கடை. இரண்டு முதலாளிகளும் ஊரறியக் கீரியும் பாம்பும். தான் அங்கே படியேறினால் செய்தி அண்ணன் காதுக்கு எட்டும், எட்டினால் மனுஷன் பதறிப்போய்த் திரும்பக் கூப்பிடுவார் என்று தாலாட்டு நினைத்தார். வேறு இரண்டு கடைகளில் கூப்பிட்டும் போகவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்ட பெண்டாட்டி, புருஷன் ஓடிவந்து கையைப் பிடிக்க மாட்டானா என்று மெதுவாக நடப்பாளே, அப்படிப் போனார்.

மனைவிக்கு இது தெரியாமலா இருக்கும்? சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"அவரு கூப்பிட மாட்டாருங்க. இந்த வேலையையாவது ஒழுங்கா கேட்டு வாங்கிட்டு வாங்க."

அண்ணனைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

எதிர்க்கடையின் மேனேஜர் மகள் வயதுப் பெண். கேள்வியெல்லாம் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையில் படுத்துக்கொண்டு, தனக்கு விற்றுக் காட்டச் சொன்னாள். தாலாட்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். குரல் தானாக வந்தது. பஞ்சு வந்தது, ஸ்பிரிங் வந்தது, முதுகுத்தண்டு வந்தது. கூடவே, இத்தனை வருஷமாக வாங்க வந்தவர்களைச் சிரிக்கவைத்த வசனமும் வந்து விழுந்தது.

"எதிர்க்கடை மெத்தை மட்டும் வேணாம்மா. ஆறே மாசத்துல நடுவுல பள்ளம் விழுந்துடும். சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு ஓரமா படுத்த புருஷன் பொண்டாட்டிகூட ஒண்ணா உருண்டு வந்துடுவாங்க."

சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அவள் படுத்திருப்பதே எதிர்க்கடை மெத்தையில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலை போச்சு என்று ஒரு மனம் சொன்னது. அண்ணனிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாரே என்று இன்னொரு மனம் துள்ளியது.

மேனேஜர் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"பரவால்ல சார். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வாய் தவறும், பெருசா எடுத்துக்காதீங்கன்னு உங்க முதலாளியே சொன்னாரு."

எந்த முதலாளி என்று கேட்டார் தாலாட்டு.

"உங்க பழைய முதலாளிதான். போன வாரம் எங்க சாருக்கு அவரே போன் பண்ணாரு. ரொம்ப நல்ல மனுஷன், எனக்கு இனிமே தேவைப்படாது, உங்களுக்கு ஆகும்னா வெச்சுக்கங்கன்னு சொன்னாராம்."

நல்ல செய்தி சொல்லும் முகத்தோடுதான் அவள் அதைச் சொன்னாள்.

அண்ணன் காதுக்கு எல்லாம் எட்டித்தான் இருந்தது. திட்டியிருந்தால் தாலாட்டு தாங்கியிருப்பார். அவனைச் சேர்க்காதே என்று அண்ணன் தடுத்திருந்தால் கொண்டாடியே இருப்பார். ஆனால் அந்த மனுஷர், ஜென்மப் பகையாளிக்கு வலியப் போன் போட்டு, நல்ல மனசோடு தூக்கிக் கொடுத்திருந்தார். கோபப்படக்கூட வழியில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து வரலாமா என்று அவள் கேட்டபோது தாலாட்டு தலையை ஆட்டினார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். கிடைத்துவிட்டது என்றதும் முகம் மலர்ந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று கேட்டாள்.

"இப்ப உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு?"

"சந்தோஷப்படுவாரு," என்றார் தாலாட்டு. சொல்லி முடிப்பதற்குள் உடம்பு குலுங்க அழத் தொடங்கினார்.