ஒன்பதாவது மணி நேரமும் ஒரு சந்தனப் பட்டையும்

மணவாள நகர் ரோட்டோரம் இருந்த ஆணிக் கம்பெனிக்குப் போர்டில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை முழுசாகப் படித்தவர்கள் இரண்டே பேர்தான்: எழுதின பெயிண்டர், கடிதாசு கொண்டுவரும் தபால்காரர். மற்றவர்களுக்கெல்லாம் அது ஆணிக் கம்பெனி. அங்கே முதலாளிக்குப் பயம் இருந்தது, மானேஜருக்கு சலாம் இருந்தது. மரியாதை என்று ஒன்று இருந்ததென்றால் அது டைம்கீப்பர் சுப்பராயனுக்குத்தான்.

அந்த மரியாதையின் விலை ஐந்து காசு.

1967-ல் ஒரு சனிக்கிழமை. கூலிக் கவர்களைக் கொடுத்து முடித்த பிறகு மேஜை டிராயரில் ஐந்து காசு மிஞ்சி நின்றது. சுப்பராயன் ஆள் வருகையும் கூலியும் எழுதும் மஸ்டர் ரோலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். பாக்கிங்கில் ஆணி கட்டும் செங்கம்மாளின் கவரில்தான் குறைந்திருக்கிறது. வெளியே நல்ல மழை. திங்கட்கிழமை கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, ரெண்டு மைல் சேற்றில் நடந்துபோய் அவள் வாசலில் நின்று, "உன்னுது" என்று நீட்டிவிட்டு வந்தார்.

செங்கம்மாளுக்கு வாய் பெரிசு. திங்கட்கிழமை நாஷ்டா நேரத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை குழாயடியில் சுப்பராயன் மனைவி சம்பூர்ணத்தின் காதுக்கும் வந்தது.

"அஞ்சு காசுக்கு மழையில போனியாமே? நம்ம ஊடு ஒழுகுதுன்னு ஆறு மாசமா சொல்லிக்கினு கீறேன், அதுக்கு ஏறினியா?" என்றாள் அவள்.

பெரிய மனிதர்களுக்கு வீட்டில் இந்த மாதிரி கஷ்டங்கள் உண்டு. சுப்பராயன் பொறுத்துக்கொண்டார்.

அவர் மரியாதைக்கு ஐந்து காசு மட்டும் காரணமில்லை. ஓவர்டைம் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது கம்பெனியின் கொள்கை. 1964-ல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மானேஜர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு வரி: "ரூல்ஸ் எல்லாம் சுவத்துல தொங்குது, பாத்துக்கோ." டைம் ஆபீஸ் சுவரில், கண்ணாடி போட்ட பிரேமுக்குள், ஃபாக்டரி சட்டத்தின் சுருக்கம் தமிழில் தொங்கிக்கொண்டிருந்தது. சுப்பராயன் அதை நின்றபடியே படித்தார். சாதாரணமாக யாரும் செய்யாத காரியம்.

படித்த கையோடு மானேஜரிடம் போய் ஒரு சண்டையும் போட்டார். மணிக்கூலி கண்டுபிடிக்கும்போது அடிப்படைக் கூலியை மட்டும் வகுக்கக் கூடாது, பஞ்சப்படியையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும், போனஸ்தான் சேராது, சுவரில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். மானேஜர் எழுந்துவந்து சுவரைப் பார்த்துவிட்டு, சுவரை முறைக்க முடியாமல் சுப்பராயனை முறைத்துவிட்டுப் போனார். அந்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் ஓவர்டைம் கொஞ்சம் கூடியது. செங்கம்மாளுக்கு நாள் கூலி எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய் இருபது காசு. எட்டால் வகுத்தால் நாற்பது. ரெட்டிப்பு எண்பது காசு. இதைச் சுப்பராயன் காகிதம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஆனால் அந்தக் கண்ணாடிமேல் ஒரு சங்கதி இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷின், தராசு, கேட்டு, மானேஜரின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கும்போது சுவரில் தொங்கும் இந்தப் பிரேமுக்கும் வைத்துவிடுவார்கள். படம் மாதிரி கண்ணாடி போட்டுத் தொங்குகிறது, சாமியாக இல்லாவிட்டாலும் சாமிக்கு வேண்டியவர் யாராவது இருக்கலாம் அல்லவா? மூன்று விரலால் நடுவே குறுக்காக ஒரு இழுப்பு, அதன்மேல் குங்குமம். பழைய பட்டையைச் சுரண்ட யாருக்கும் மனம் வராது. அடுத்த வருஷம் அதன்மேலேயே இன்னொரு பட்டை.

சுப்பராயன் படித்தது பட்டைக்கு மேலேயும் கீழேயும். மேலே, "ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்" என்று இருந்தது. கீழே, "வேலை செய்யும் தொழிலாளிக்கு இரு மடங்குக் கூலி" என்று இருந்தது. வாக்கியம் கச்சிதமாகச் சேர்ந்துகொண்டது. நடுவில் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம் வர வழியே இல்லை.

கம்பெனி வேலை காலை எட்டிலிருந்து நாலரை வரை. நடுவில் அரை மணி சாப்பாடு போக எட்டு மணி நேரம். ஆர்டர் குவிந்தால் வாரத்தில் மூன்று நாள் ஆறரை வரை நிற்க வேண்டும். ஆக, பத்து மணி நேரம். சுப்பராயன் கணக்கில் ஒன்பதாவது மணிக்குச் சம்பளம் இல்லை, பத்தாவது மணிக்கு ரெட்டிப்பு. சனங்கள் ஒன்பதாவது மணிக்கு 'தர்ம மணி' என்று பேர் வைத்தார்கள். "கெவுருமெண்டே அப்டி வெச்சிக்கீது, நைனா இன்னா பண்ணுவாரு?" என்று செங்கம்மாள் புதிதாக வந்த பெண்களுக்கு விளக்கம் சொல்லுவாள். அவருக்கும் அவளுக்கும் வயசு வித்தியாசம் அதிகமில்லை. இருந்தாலும் மழையில் வந்த நாளிலிருந்து அவர் அவளுக்கு நைனாதான், அப்பா ஸ்தானம். சனிக்கிழமை கவரை வாங்கினால் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். "எண்ணிப் பாரு" என்று அவர் சொன்னால், "நீ போட்டா சரிதான் நைனா" என்பாள்.

1969 நவம்பரில் டைம் ஆபீஸ் கூரை ஒழுகியது. தண்ணீர் நேராகப் பிரேமின் மேல் இறங்கி, அத்தனை வருஷத்துச் சந்தனத்தையும் கரைத்துச் சுவரில் மஞ்சளாக ஓடவிட்டது. சுப்பராயன் பிரேமைக் கழற்றி, துணியால் துடைத்து, வெயில் வந்த பக்கமாகச் சாய்த்து வைத்தார். வைத்தவர் குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு வரி இருந்தது.

"அல்லது ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல்."

ஆறு நாள், எட்டு மணி நேரம். நாற்பத்தெட்டு அங்கேயே தீர்ந்துபோகிறது. வாரம் முழுக்க வேலைக்கு வந்தவளுக்கு நாலரைக்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் ரெட்டிப்பு. தர்ம மணி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். செங்கம்மாளுக்கு வாரம் மூன்று தர்ம மணி. மணிக்கு எண்பது காசு. ரெண்டு ரூபாய் நாற்பது காசு. அதில் எத்தனை ஐந்து காசு இருக்கிறது? நாற்பத்தெட்டு. அந்த நம்பரே அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

பிரேமைத் தூக்கிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனார். கதவுவரை போய்த் திரும்பினார். இது கம்பெனி செய்த தப்பு என்று சொல்ல முடியாது. ஐந்து வருஷ ரிஜிஸ்டரும் அவர் கையெழுத்து. மழையில் ஐந்து காசு கொண்டுபோனவர் அவர். அடுத்த நாள் மறுபடி போனார். இந்தத் தடவை மானேஜரே நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"என்ன, ஈரம் காஞ்சுதா? மாட்டிடு."

மாட்டிவிட்டார்.

பதினோரு மாதம் அந்த வரி எல்லோரும் பார்க்கச் சுவரில் தொங்கியது. யாரும் படிக்கவில்லை. சுப்பராயன் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கணக்கு எழுதினார். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னார். ஜூனில் செங்கம்மாள் பிள்ளைகளின் புஸ்தகத்துக்குப் பத்து ரூபாய் கைமாற்று கேட்டாள். கொடுத்தார். கூடவே, வாராவாரம் கொஞ்சம் எடுத்துவைக்கப் பழகிக்கொள் என்று புத்தியும் கொடுத்தார். அவள் வாரம் ஐம்பது காசாகத் திருப்பித் தந்தாள். அவரும் வாங்கிக்கொண்டு நோட்டில் டிக் போட்டார். வட்டி வாங்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் சமாதானம்.

1970 ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு செங்கம்மாள் முன்னால் வந்தாள். கம்பி இழுக்கும் மாரியப்பன் மிஷின்களுக்கெல்லாம் பட்டை போட்டுக்கொண்டே டைம் ஆபீசுக்குள் நுழைந்தான். பிரேமை நோக்கிக் கையை நீட்டினான்.

"அத வுடு. அதுக்கு நான் போடுறேன்" என்றார் சுப்பராயன்.

"நல்லா பட்டையா போடு நைனா. போன வருசத்துது மழையில பூட்ச்சு" என்று செங்கம்மாள் கிண்ணத்தை நீட்டினாள்.

அவர் மூன்று விரலை முக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அளந்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு எழுத்துகூட வெளியே தெரியவில்லை. அதுவரை அந்த வரியை மறைத்த குற்றம் ஆயுத பூஜையின் மேல் இருந்தது. இனி இல்லை. பூஜைப் பொரியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, கூலி வாங்கும் வரிசையில் ராஜமாணிக்கம் கலாட்டா ஆரம்பித்தான். மெட்ராசில் ஒரு கம்பெனியில் ரெண்டு வருஷம் இருந்துவிட்டுப் புதிதாக வந்து சேர்ந்தவன்.

"இன்னாபா இது தர்ம மணி? அங்கல்லாம் இப்டி கெடையாது. வாரத்துக்கு நாப்பத்தெட்டுதான். மேல போனா டபுளு. டைம்கீப்பரு நம்ம துட்ட முழுங்கிக்கினு கீறாரு!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. செங்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"டேய், யாரப் பாத்து இன்னா சொல்ற? அஞ்சு காசுக்கு மழையில ரெண்டு மைலு நடந்த ஆளுடா அவரு! நீ போன வாரம் டீக்கடையில பொறை துண்ட காச குடுத்தியா மொதல்ல?"

"பொறை கணக்க வுடு யக்கா. நான் கேக்கறது மணிக் கணக்கு."

"பஞ்சப்படிய சேத்து வாங்கிக் குடுத்தவரு யாரு? உங்க மாமனா? நைனா பொய்க் கணக்கு போடமாட்டாரு. சத்தியம் பண்ணட்டா? பண்ணட்டா?"

"செங்கம்மா, வேணாம்" என்றார் சுப்பராயன். அவள் காதில் வாங்கவில்லை.

கற்பூரத்துக்கு எங்கே போவது? சுற்றும் முற்றும் பார்த்தாள். சந்தனமும் குங்குமமுமாகப் பிரேம் இருந்தது. விறுவிறுவென்று போய் அந்தப் பட்டையின்மேல் பொத்தென்று கையை வைத்தாள்.

"இந்தப் பொட்டு மேல ஆணை. நைனா நம்ம வயித்துல அடிச்சிருந்தா என் கை அழுகிப் போவட்டும்!"

பகல் முழுக்க ஆணி கட்டிய கை. எண்ணெய்ப் பிசுக்கு. அவள் கையை எடுத்தபோது காய்ந்த சந்தனம் பாளம் பாளமாக உள்ளங்கையோடு வந்துவிட்டது. கண்ணாடியில் எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று ஒரு வரி தெரிந்தது. ராஜமாணிக்கம் எட்டிப் பார்த்தான்.

"இதோ போட்டுக்கீதே! 'ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு'—"

"நீ படிக்காத. நீ படிச்சா நான் நம்பமாட்டேன்." செங்கம்மாள் திரும்பினாள். "நைனா, நீ வந்து படி. இதுல இன்னா எழுதிக்கீது?"

சுப்பராயன் எழுந்து வந்தார். படிக்க அவர் பார்க்க வேண்டியதில்லை. இருந்தும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு படித்தார், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றப்பட்ட பையன் மாதிரி. "அல்லது ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல்."

"இது புதுசா போட்டதா நைனா?"

கேள்வி இல்லை அது. தப்பித்துப் போக அவளே திறந்துவிட்ட கதவு. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ராஜமாணிக்கம் ஒருவன் நம்பமாட்டான், மற்ற எழுபது பேரும் நம்புவார்கள். சுப்பராயன் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். மஞ்சளாக, எண்ணெயும் சந்தனமுமாக, அவருக்காக ஆணையிட்ட கை.

"இல்ல," என்றார். "மொதல்லேர்ந்தே கீது."

அன்றைக்கு ராத்திரிக்குள் இல்லாவிட்டாலும் அடுத்த வாரத்துக்குள் எல்லாம் நடந்தது. மானேஜர் கத்தினார். ராஜமாணிக்கம் மனு எழுதுவேன் என்றான். சுப்பராயன் மஸ்டர் ரோலை எடுத்துவைத்து ஒன்பதாவது மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி லிஸ்ட் போட்டார். எந்த வாரத்தில் யார் ஒரு நாள் லீவு போட்டு நாற்பத்தெட்டைத் தொடவில்லையோ, அந்த வாரத்தை நியாயமாகக் கழித்தும்விட்டார். கடைசியில் ஒரு வருஷத்துப் பாக்கியைக் கம்பெனி கொடுத்தது. அதற்கு முந்தின ஐந்து வருஷம் சந்தனத்தோடு கரைந்துபோனது.

அவர் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதைவிட மோசம். சுப்பராயன் பேர் இன்னும் பெரிதாகிவிட்டது. "மானேஜருக்குப் பயப்படாம தானே எந்திரிச்சு வந்து படிச்சாரு பாரு!" என்று மாரியப்பன் சொல்லிக்கொண்டு திரிந்தான். சாமிப் பட்டை மறைத்ததற்கு மனுஷன் என்ன செய்வான்? ராஜமாணிக்கமே வந்து, "மன்ச்சிக்கோ சார், வாய் தவறிப் பேசிட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். சுப்பராயனால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

செங்கம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வாய்க்காரி, இந்த ஒரு விஷயத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பாக்கி கொடுத்த சனிக்கிழமை அவள் முறை வந்தபோது, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னிக்குக் கிண்ணத்த புடிச்சிக்கினு நின்னது நான்தானே" என்றாள். அவர் தலையாட்டினார்.

அவள் கவரை இடுப்பில் செருகவில்லை. பிரித்தாள். மேஜைமேல் கொட்டினாள். இருபதுக்கு மேல் அவளுக்கு எண்ண வராது. விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போய் நடுவில் விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வரிசை பின்னால் முணுமுணுத்தது. அவருக்குத் தொகை காசுவரை தெரியும். சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னால் இனி அது கணக்கு ஆகாது.

மூன்றாம் தடவை எண்ணி முடித்து, நோட்டுகளை மடித்துக்கொண்டாள்.

"சரியா கீது, சார்" என்றாள்.

அதற்குப் பிறகு சுப்பராயன் ரிட்டயர் ஆகிறவரை, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அதே மேஜையில் கொட்டி எண்ணினாள். அவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும், அவள் எண்ணி முடிக்கும்வரை, அடுத்த கவரைத் தொடாமல் காத்திருந்தார்.