மறுத்தால் என்ற கேள்வி

கூட்டுப் பட்டா நிலத்தில் மற்றப் பங்குதாரரின் சம்மதம் கிடைக்காவிட்டால், பின்னால் இழப்பு வந்தால் தாமே ஏற்பதாக ஈட்டுறுதிப் பத்திரம் கொடுத்துத் தம் பெயரிலேயே மின் இணைப்பு கேட்கலாம் என்பது விதி. எனக்கு அது மனப்பாடம். மின்வாரியத்தின் துறைத் தேர்வைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். மற்றவர்கள் பக்கம் புரட்டிக்கொண்டிருக்க, திறக்காமலே எழுதித் தேறியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் தினமும் காலையில் என் பழைய நோட்டில் பதிலை அட்டையால் மூடிவிட்டு, கேள்வியை மட்டும் பார்த்து எழுதிச் சரிபார்ப்பேன். கேள்விகளும் நானே எழுதியவைதான். முப்பது வருடமாக அதே கேள்விகள்.

ஓடைப்பட்டியில் தங்கையின் திராட்சைத் தோட்டக் கிணறு வற்றியது. மறு மூலையில் போட்ட போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. மோட்டார் இணைப்பை அங்கே மாற்ற அவள் கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள் உள்ளூர் மின் அலுவலகத்தில். நிலம் இருவர் பெயரிலும் இருந்தது, இணைப்பு அவர் பெயரில். கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போன மனிதர் மூன்று வருடமாகத் திரும்பவில்லை.

"அவுக எங்கன இருக்காகன்னே தெரியலண்ணே. கையெழுத்துக்கு நான் எங்கன போக?"

"காணாமப் போனவுகள எறந்தவுகளாக் கருத ஏழு வருசம் ஆகணும்மா."

"கொடி ஏழு நாள் தாங்காது. அதுக்கும் கொஞ்சம் சட்டம் சொல்லிக்குடுங்க."

தை மாதம், விதிவிலக்குக் கேட்டு மேலதிகாரிக்கு மனு எழுதினேன். அழகான மனு. பிறகு இரண்டு நினைவூட்டல்கள். அவள் விலைக்கு வாங்கி ஊற்றிவந்த லாரித் தண்ணீர் மாசியோடு நின்றது. வைகாசியில் அவள் கொடிகளை வெட்டினாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, நோட்டில் கேள்வி: 'பங்குதாரர் சம்மதிக்க மறுத்தால்?' பிழையில்லாமல் பதில் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். விதியில் 'கிடைக்காவிட்டால்' என்றுதான் இருக்கிறது. மறுப்பு என்பது நான் போட்ட கேள்வி. மைத்துனர் மறுக்கவில்லை, காணாமல் போயிருந்தார். அதற்கு நோட்டில் வேறு பக்கம், வேறு பதில். நான் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

போய்ச் சொன்னேன். அவள் பந்தல் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப தையிலயே முடிஞ்சிருக்கும்?"

"முடிஞ்சிருக்கும்."

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சரி, இந்த முனைய இழுத்துப் பிடிங்க."

மறுநாள் முதல் அடுத்தவர் தோட்டத்தில் குலை பறிக்கப் போனாள்.

பதிலும் வந்தது. மனு உரிய நடவடிக்கைக்காக உள்ளூர் மின் அலுவலகத்துக்கு, அதாவது முதலில் கையெழுத்துக் கேட்ட அதே அலுவலகத்துக்கு, அனுப்பப்பட்டிருக்கிறதாம். முறைப்படி ஓரத்தில் குறித்து வைத்தேன்: பெறப்பட்டது, ஆடி பதினெட்டு.