எதிராக ஒரு கை

“அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி...” காலையில் போனில் பிலோமினாவின் மகள் சொன்னது இவ்வளவுதான்.

ரெண்டு வருஷமாக டயாலிசிஸ். தெரிந்த முடிவுதான். ஆனாலும் கையில் இருந்த காபி அப்படியே ஆறிப்போச்சு.

உங்களில் பலருக்கு பிலோவைத் தெரிந்திருக்காது. பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி, வைண்டிங் செக்‌ஷன், காயில் சுற்றுகிற வேலை. பன்னிரண்டு வருஷம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மிஷின்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் பர்சனல் மேனேஜர் எங்களை எல்லாம் கேன்டீனில் உட்கார வைத்தார். கம்பெனி லாஸில் போகிறதாம். வைண்டிங்கை கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டு ஷெட்டை விற்கப்போகிறார்களாம். நாற்பது பேரும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கணுமாம்.

“லாஸ் ஆத்ரெ நாவேனு மாடோதம்மா” என்று கன்னடத்தில் கையை விரித்தார், லாஸ் ஆனால் நாங்கள் என்னம்மா செய்வது என்று.

நாங்கள் அழுதோம். பிலோ மட்டும் எழுந்து, “எவ்ளோ லாஸ் சார்? எந்தப் பேப்பர்ல இருக்குது?” என்றாள்.

அதெல்லாம் ஷேர்ஹோல்டர்ஸுக்குத்தான் காட்டுவோம் என்றார் அவர்.

அடுத்த மாசமே பத்து ஷேர் வாங்கிவிட்டாள்... அவள்தான் பிலோ. கம்பெனியின் வருஷ ரிப்போர்ட் தபாலில் அவள் வீட்டுக்கே வந்தது.

லஞ்ச் டைமில் யாரோ கொடுத்த பி.யு.சி. காமர்ஸ் புக்கை ஒரு பக்கமும் ரிப்போர்ட்டை ஒரு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவாள். சாப்பாடு பாதி அப்படியே இருக்கும்.

“லாஸே இல்லடி. போன வருஷத்தவிட லாபம் கம்மி. அதத்தான் நம்மகிட்ட லாஸ்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

“நமக்கு எதுக்குடி இதெல்லாம், எகனாமிக்ஸ் படிச்சவங்க பாத்துப்பாங்க” என்றேன். டை கட்டினவர்கள் விஷயம் என்றுதான் நிஜமாகவே நினைத்திருந்தேன்.

“பாத்துக்கினுதான இருக்காங்க. வெங்காயம் வெல ஏறுனா கொழம்புல யாரு கம்மி பண்றா? நீதான? அப்ப ஏன் ஏறுச்சுன்னு மட்டும் நீ கேக்கக் கூடாதா?”

சும்மா பேஜார் பண்ணாதே என்று சொல்லிவிட்டு டப்பா கழுவப் போய்விட்டேன்.

வெறும் கேள்வியோடு அவள் நிற்கவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு எல்லாருக்கும் வாரத்தில் ஒருநாள் வேலையும் சம்பளமும் குறைக்கலாம், மேனேஜர்களுக்கும் சேர்த்து... யாரும் வெளியே போக வேண்டாம். இதை ஒரு வெள்ளைத் தாளில் கார்பன் வைத்து எழுதினாள்.

ஷெட்டையும் நிலத்தையும் விற்க ஷேர்ஹோல்டர் மீட்டிங்கில் சம்மதம் வாங்கணும். முதலில் கை தூக்கச் சொல்வார்கள். லட்சம் ஷேர் வைத்திருந்தாலும் ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு கைதான். இதையும் பிலோதான் கண்டுபிடித்தாள்.

தன் பத்து ஷேரில் ஆளுக்கு ஒன்றாக எங்கள் ஐந்து பேர் பேருக்கு மாற்றிக் கொடுத்தாள்.

“அப்புறம் ஷேர எண்ணி அவங்கதான் ஜெயிப்பாங்க, தெரியும். ஆனா வேணாம்னு நாம சொன்னது அவங்க புக்குல ஏறணும்டி.”

மீட்டிங் ஒரு பெரிய ஹோட்டலில். கார்பெட்டைப் பார்த்ததும் ஆறு பேரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம். உள்ளே போனால் எல்லார் காலிலும் ஷூ...

ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து உட்கார வைத்தார்கள். எங்கள் மேனேஜர் சுவரோரமாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோ எழுந்து அந்தத் தாளைப் படித்தாள், பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“குட் சஜஷன்” என்றார் சேர்மன். அவ்வளவுதான். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முந்தின நாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேக்கிங் செக்‌ஷனில் உனக்கு ஒரு இடம் இருக்கு, நாளைக்கு மீட்டிங்கில் சும்மா உட்கார்ந்துட்டு வந்துடும்மா என்றார். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை.

பிலோ கையைத் தூக்கினாள். பக்கத்து நாற்காலியில் நான்... ஸ்வீட் பாக்ஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் தூக்கவில்லை.

ஏகமனதாக என்று இங்கிலீஷில் சேர்மன் ஆரம்பித்தார். “ஒந்து கை இதெ சார்,” ஒரு கை இருக்கு என்றாள் பிலோ, இன்னும் கையை இறக்காமல்.

வெளியே வந்ததும் என் செருப்பைத் தேடி எடுத்துக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். “வாடி, பஸ் போயிடும்.”

ஏன்டி என்று கேட்கவே இல்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுது தீர்த்திருப்பேன். அவள் கேட்காததுதான் இன்னும் தாங்கவில்லை.

நான் பேக்கிங்கில் நாலு வருஷம் இருந்தேன். அவள் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் நூல் வெட்டப் போனாள்.

போன மாசம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். படுத்தபடியே சுவரில் இருந்த ரேட் போர்டைக் காட்டி, “இத யாரு போட்டது சிஸ்டர்? எங்கள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?” என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டேன்.

அப்போதாவது பேக்கிங் விஷயத்தைச் சொல்லியிருக்கணும். போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். வைண்டிங்கில் இருந்தவர்கள் யார் கண்ணிலாவது இது பட்டால் வாங்க.

போய் வாடி பிலோ...

நாளைக்கு உனக்கு ஒரு பிடி மண் போடணும். அன்னிக்குத் தூக்காத கையாலதான் போடணும்.