தெலுங்கில் பேசிய சுவர்

நூறாம் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்து, எந்த ஊருக்கு ஜீப் போகவேண்டும் என்று சொல்வதுதான் ஏட்டு செண்பகத்தின் வேலை. ஆலங்காயத்துக்காரி. வேலூர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. மனம் கலங்கியவர்கள் வீட்டுக்கும் ஜீப்பைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருமுறை அப்படி அனுப்பிய இடத்தில் ஓர் ஆளைக் கயிற்றால் கட்டி ஏற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவன் என்ன ஆனான் என்பது தெரியவே இல்லை.

இந்த வருஷம் புது ஏற்பாடு வந்தது. கையில் ஆயுதமில்லை, யாருக்கும் அடியில்லை என்றால் அழைப்பை மனநலக் குழுவுக்கு மாற்றிவிட வேண்டும். வெறும் பேச்சில் என்ன ஆகிவிடும் என்று செண்பகத்துக்குச் சந்தேகம்.

ஒரு மத்தியானம் பேரணாம்பட்டிலிருந்து ஷஹீன் பானு கூப்பிட்டாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் கொழுந்தன் நவீத், மூன்று நாளாக அறையைப் பூட்டிக்கொண்டு சுவரைக் கொத்துகிறானாம். சுவருக்குள் யாரோ பேசுகிறார்களாம். போலீஸ் வந்தால் அடிப்பார்களோ என்றும் பயந்தாள். கொத்துவது கரண்டியால்தான், யாரையும் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, செண்பகம் இணைப்பை மாற்றினாள். குழுவினர் பேச ஆரம்பித்ததும் அவள் விலகியிருக்க வேண்டும். விலக மனசு வரவில்லை.

குழுவிலிருந்த உமர் ஃபாரூக், போனைக் கதவோரம் வைக்கச் சொன்னார். கதவைத் திற என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தம்பி, அந்தக் குரல் உருதுல பேசுதா, தமிழ்லயா?”

உள்ளே கொத்தும் சத்தம் நின்றது.

“ரெண்டும் இல்ல. தெலுங்கு.”

“உங்களுக்குத் தெலுங்கு வருமா?”

“வராது. அதான் பேஜாரா இருக்கு. இன்னா சொல்லுதுன்னே புரியல.”

“புரியாததையே கேட்டுட்டிருந்தா யாருக்குத் தூக்கம் வரும்? தூங்கி எத்தினி நாளாச்சு?”

நவீத் அழுதான். அரைமணி கழித்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. குழுவின் நர்ஸ் கெங்கம்மாள் போய்ச் சேர்ந்தபோது அவன் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தானாம். அவளோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மறுநாள் உமரிடம் பேசிய செண்பகம், ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொண்டாள். அவர் கடிந்துகொண்டார். இருந்தும் அவள் விடவில்லை. குரல் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்கவேண்டும் என எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

“புத்தகத்துல இல்லீங்க. எனக்கே தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு, கேட்டேன்.”

இரண்டு மாதம் கழித்து, நன்றி சொல்ல ஷஹீன் பானு மறுபடி நூறைக் கூப்பிட்டாள். நவீத் வேலைக்குப் போகிறான், மாத்திரை தொடர்கிறது, குரல் சிலநாள் வருகிறது, ஆனால் கம்மி. அவசர எண்ணில் இப்படிப் பேசக்கூடாது என்று செண்பகம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அவனுக்கு இப்போது தூக்கம் வருகிறதா என்று விசாரித்தாள்.